திரை இருண்டால் பதற வேண்டாம்: கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் இடி முழங்கத் தொடங்கிவிட்டது. பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டக் குடியிருப்பு. வீட்டுக்கார அம்மாள் வழக்கம்போல் தொலைக்காட்சி, அஸ்ட்ரோ பெட்டி, கணினி என எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கி வைத்தார். மழை வலுத்தபோது கணினி இருந்த மூலையில் கூரை ஒழுகியது. கொழுந்தனார் ஓடிவந்து எல்லா வயர்களையும் கழற்றி, கணினியை வேறு மேசைக்கு மாற்றினார்.

மழை விட்டது. வயர்களை மாட்டிக் கணினியைத் தட்டினார்கள். சிபியு பெட்டிக்குள் காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஆறாம் படிவத்தில் படிக்கும் மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு நாளில் ஒப்படைக்க வேண்டிய இடுபணி அந்தக் கணினிக்குள்தான் இருந்தது. "இடி அடிச்சிருச்சு" என்று வீடே முடிவு கட்டியது.

மறுநாள் காலை, அப்பா அரை நாள் விடுப்பு எடுத்தார். திரையைப் போர்வையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் அதைத் தம் மேசையில் வைத்து மாட்டினார். திரை பளிச்சென்று எரிந்தது.

"அண்ணே, இது நல்லாத்தான் இருக்கு. வீட்டுல சிபியு பின்னால எந்த ஓட்டையில மாட்டுனீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. திரை இருண்டுவிட்டால் பழி திரையின் மேல்தான் விழுகிறது. ஆனால், திரை என்பது மூன்று தேவைகள் நிறைவேறினால் மட்டுமே படம் காட்டும் கருவி. முதலாவது மின்சாரம். இரண்டாவது கணினி அனுப்பும் படச் செய்தி, அதாவது சிக்னல். மூன்றாவது திரைக்குப் பின்னால் எரியும் ஒளி. இந்த மூன்றில் எது இல்லை என்பதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் கருவி எதுவும் தேவையில்லை. பத்து நிமிடமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் சிறு விளக்கைப் பாருங்கள்

ஏறக்குறைய எல்லாத் திரைகளிலும் கீழ் விளிம்பிலோ பின்புறத்திலோ ஒரு சிறு விளக்கு இருக்கும். நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக, நீலம், பச்சை அல்லது வெள்ளையாக எரிந்தால் திரை விழித்திருக்கிறது. மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் எரிந்தாலோ, விட்டுவிட்டு மின்னினாலோ, மின்சாரம் வருகிறது, ஆனால் சிக்னல் வரவில்லை, திரை தூங்குகிறது என்று பொருள். விளக்கே எரியவில்லை என்றால் மின்சாரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்து எந்தப் பக்கம் தேடுவது என்பதை இந்த ஒரு விளக்கே சொல்லிவிடும். கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்பதாக இருந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

விளக்கே எரியவில்லை என்றால்

சுவர் சுவிட்ச், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் உள்ள சுவிட்ச், திரையின் சொந்தப் பொத்தான் ஆகிய மூன்றையும் பாருங்கள். சில பழைய திரைகளில் பின்பக்கமும் ஒரு சுவிட்ச் இருக்கும். பிறகு அதே சுவர் முனையில் கைப்பேசி சார்ஜரை மாட்டிப் பாருங்கள். கைப்பேசி சார்ஜ் ஏறினால் சுவரில் குறையில்லை.

அடுத்தது, திரையின் பின்னால் செருகும் மின் வயர். மேசையைத் தள்ளும்போதும் கூட்டும்போதும் இது பாதி கழன்று நிற்கும். பார்வைக்கு மாட்டியதுபோலவே இருக்கும். ஆகவே கண்ணால் பார்த்தால் போதாது, கையால் அழுத்த வேண்டும். பெரும்பாலான திரைகளுக்கும் சிபியு பெட்டிக்கும் ஒரே மாதிரி மின் வயர்தான். இரண்டையும் அணைத்துவிட்டு, வயர்களை இடம் மாற்றி மாட்டுங்கள். இப்போது திரை எரிந்து சிபியு எழவில்லை என்றால், குறை அந்த வயரில்தான். புதிய வயர் ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது.

நம் நாட்டு மூன்று முள் பிளக்கின் உள்ளே ஒரு சிறு ஃபியூஸ் இருக்கிறது. அது எரிந்துபோயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸை மாட்டுங்கள். அவசரத்துக்கு வெள்ளித் தாளைச் சுற்றி மாட்டும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது தீ விபத்துக்கு வழி வகுக்கும். புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால், திரைக்குள்ளோ வயரிலோ மின்கசிவு இருக்கக்கூடும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறிப்பு. சில திரைகளில் மின் வயர் நேராகச் செல்லாது. மடிக்கணினிக்கு இருப்பதுபோல் ஒரு தனிப் பெட்டி இடையில் இருக்கும். அது கெட்டால் வீட்டில் கிடக்கும் வேறு சார்ஜரை மாட்டிப் பார்க்கக் கூடாது. முனை பொருந்தினாலும் வோல்ட் அளவு வேறாக இருக்கலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவும், முனையின் பிளஸ், மைனஸ் குறியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் குறைவாக இருக்கக் கூடாது.

விளக்கு எரிகிறது, படம் இல்லை

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். முதலில் விசைப்பலகையைத் தட்டி, சுட்டியை அசையுங்கள். கணினி தூங்கியிருந்தால் விழித்துக்கொள்ளும்.

அதற்கும் அசையவில்லையா? ஒரு எளிய சோதனை உண்டு. திரையைத் தட்டி வைத்துக்கொண்டு, படம் கொண்டுவரும் கேபிளைக் கணினிப் பக்கம் மட்டும் கழற்றுங்கள். பிறகு திரையை ஒருமுறை அணைத்துத் தட்டுங்கள். நல்ல நிலையில் உள்ள பெரும்பாலான திரைகள், 'நோ சிக்னல்' அல்லது 'செக் கேபிள்' என்ற பொருளில் ஏதாவது ஒரு வாசகத்தைச் சில விநாடிகள் காட்டிவிட்டு மீண்டும் தூங்கும்.

அந்த வாசகம் தெளிவாகத் தெரிந்தால் மகிழ்ச்சி அடையலாம். மின்சாரம் சரி, பின்னொளி சரி, கண்ணாடிப் பலகையும் சரி. அதாவது உங்கள் திரை சாகவில்லை. அதைக் கடைக்குத் தூக்க வேண்டிய அவசியமும் இல்லை. குறை கேபிளில், ஓட்டையில் அல்லது கணினியில் இருக்கிறது.

இப்போது கேபிளைப் பாருங்கள். நீல நிற முனையும் இரு பக்கத் திருகுகளும் உள்ளது விஜிஏ கேபிள். அதன் முனையில் ஊசிகள் மூன்று வரிசையாக இருக்கும். அவற்றுள் ஒன்று வளைந்திருந்தால் படம் வராமலோ நிறம் மாறியோ போகலாம். நடு வரிசையில் ஒரே ஓர் ஊசி இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். ஒன்பதாவது ஊசி இல்லாமலே பல கேபிள்கள் செய்யப்படுகின்றன. திருகுகளை இரு பக்கமும் இறுக்கிவிடுங்கள்.

தட்டையான முனையுள்ளது எச்டிஎம்ஐ. இதைச் சோதிக்க உங்கள் வரவேற்பறையே போதும். அஸ்ட்ரோ பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்குப் போவது பெரும்பாலும் இதே கேபிள்தான். அதைக் கழற்றி வந்து கணினிக்கும் திரைக்கும் இடையே மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் பழைய கேபிளைத் தூக்கிப் போடலாம். வரவில்லை என்றால், கணினியைத் தொலைக்காட்சியில் மாட்டிப் பாருங்கள். தொலைக்காட்சியில் படம் வந்தால் கணினி நலமாக இருக்கிறது.

திரையின் சொந்தப் பொத்தான்களில் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' என்று ஒன்று இருக்கும். திரை விஜிஏ ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க, கேபிள் எச்டிஎம்ஐ ஓட்டையில் மாட்டியிருந்தால் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் படம் வராது. தூசி துடைக்கும்போது இந்தப் பொத்தான் தவறுதலாக அழுந்திவிடுவது உண்டு.

சிபியு பின்னால் இரண்டு இடங்கள்

பட்டணத்துக் கடைக்காரர் கேட்ட கேள்விக்கு இனி வருவோம். அப்பா பதில் சொல்ல முடியாமல் நின்றதும் அவர், "தங்கச்சிய சிபியு பின்னால ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கண்ணே" என்றார். வாட்ஸ்அப்பில் படம் வந்ததும் அவருக்குக் காரணம் புரிந்துவிட்டது.

மேசைக் கணினி ஒவ்வொன்றுக்கும் தாய்ப்பலகை என்ற மதர்போர்டு உண்டு. விசைப்பலகை, சுட்டி, ஒலிபெருக்கி ஆகியவை மாட்டும் ஓட்டைகள் சிபியு பின்புறத்தின் மேல் பாதியில் ஒரே கூட்டமாக இருக்கும். திரைக்கான ஓட்டையும் அவற்றோடு பெரும்பாலும் இருக்கும். இதுதவிர, விளையாட்டுக்காகவோ படத்தொகுப்புக்காகவோ சில கணினிகளில் கிராபிக்ஸ் அட்டை ஒன்றைத் தனியாகப் பொருத்தியிருப்பார்கள். அதற்கான ஓட்டைகள் கொஞ்சம் கீழே, படுக்கை வாட்டில் தனி வரிசையாக இருக்கும்.

தனி அட்டை இருக்கும்போது, பல கணினிகள் மேலே உள்ள திரை ஓட்டையைத் தாமாகவே முடக்கிவிடும். அங்கே கேபிளை மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் படம் வராது. அந்தத் தோட்டத்து வீட்டில் நடந்தது அதுதான். அவசரத்தில் கொழுந்தனார் மேல் ஓட்டையில் மாட்டிவிட்டார். இடி அடிக்கவே இல்லை.

ஆகவே, எந்தக் கணினியையும் இடம் மாற்றும் முன் பின்புறத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரை நலம், கணினி எழவில்லை

காற்றாடி சுற்றுவதால் கணினி எழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உண்மையில் எழுந்திருக்கிறதா என்று அறிய, விசைப்பலகையில் 'கேப்ஸ் லாக்' விசையைத் தட்டுங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். விளக்கு மாறவே இல்லை என்றால் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. சில கணினிகள் 'பீப், பீப்' என்று ஒலி எழுப்பும். எத்தனை முறை, நீளமா குறுக்கமா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பழுதுபார்ப்பவருக்கு அது பெரிய துப்பு.

பழைய கணினிகளில் இதற்கு ஒரு பொதுவான காரணம், ரேம் எனப்படும் நினைவக அட்டை தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் போவது. நம் நாட்டு ஈரக் காற்றில் அதன் செம்பொன் நிற முனைகளில் அழுக்குப் படியும். கை பழகியவர்கள் இதைத் தாங்களே சரிசெய்யலாம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கணினிப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியைத் திறந்து, உள்ளே உள்ள வெற்று இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொடுங்கள். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். அட்டையின் இரு முனையிலும் உள்ள கொக்கிகளைத் திறந்து வெளியே எடுத்து, முனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, கொக்கி 'கிளிக்' என்று பூட்டும்வரை மீண்டும் அழுத்துங்கள். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். கைப் பழக்கம் இல்லாதவர்கள் இதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது.

விண்டோஸ் வரை வந்து இருண்டால்

தட்டியவுடன் கணினி நிறுவனத்தின் சின்னம் தெரிகிறது, விண்டோஸ் வரும் நேரத்தில் திரை இருள்கிறது என்றால், திரையும் கேபிளும் குற்றமற்றவை. சின்னத்தைக் காட்டிய திரைக்குக் கண் இருக்கிறது. குறை மென்பொருளில்.

விண்டோஸ் 10, 11 உள்ள கணினிகளில், விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' (ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டாவது) ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு சிறு ஒலி கேட்டு, திரைக்கான மென்பொருள் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் கோப்புகள் மூடப்படமாட்டா.

யாராவது திரையின் அளவையோ வேகத்தையோ மாற்றிய பிறகு 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்ற வாசகம் வந்தால், கணினி கேட்பதைத் திரையால் காட்ட முடியவில்லை என்று பொருள். அமைப்பை மாற்றியவுடனே இப்படி ஆனால் எதையும் தொடாமல் 15 விநாடி காத்திருங்கள். யாரும் ஒப்புதல் தரவில்லை என்றால் விண்டோஸ் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். அதுவும் நடக்கவில்லை என்றால் 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு முறையில் தொடங்கி அமைப்பைத் திருத்த வேண்டும்.

டார்ச் விளக்குச் சோதனை

மூன்றாவது தேவை ஒளி என்று பார்த்தோம். இன்றைய தட்டைத் திரைகளில் பெரும்பாலானவை எல்சிடி வகை. அந்தப் பலகைக்குச் சொந்தமாக ஒளி கிடையாது. ஜன்னல் கண்ணாடியில் வரைந்த படம் வெயில் இருந்தால் தெரிவதுபோல், பின்னால் ஒளி எரிந்தால்தான் படம் தெரியும். பழைய தட்டைத் திரைகளில் மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன. புதியவற்றில் எல்இடி விளக்குகள்.

அறை விளக்கை அணையுங்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது, கைப்பேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சின்னங்களோ எழுத்துகளோ மங்கலாகத் தெரிகின்றனவா? அப்படியானால் படம் வருகிறது, பின்னொளிதான் போய்விட்டது. தட்டியதும் ஓரிரு விநாடி படம் வந்து உடனே இருள்வதும் பெரும்பாலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நோய்தான். குழல் விளக்கோ அதற்கு மின்சாரம் தரும் பலகையோ பழுதானால், பாதுகாப்புக்காக அது தானே அணைந்துவிடும்.

திரை எழ வரவர அதிக நேரம் எடுக்கிறது, பல முறை தட்டினால்தான் எரிகிறது என்றால், உள்ளிருக்கும் மின் பலகையில் கெப்பாசிட்டர் என்ற சிறு உருளைகள் உப்பியிருக்க வாய்ப்பு உண்டு. வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடிய திரைகளுக்கு இது வரும். பழுதுபார்க்கத் தெரிந்தவர் அந்த உருளைகளை மட்டும் மாற்றித் திரையை மீட்டுவிடக்கூடும். ஆகவே, 'திரை போச்சு' என்று கேட்டவுடன் புதிது வாங்கச் சம்மதிக்காமல், 'பலகையைத் திறந்து பார்த்தீர்களா?' என்று கேளுங்கள்.

மடிக்கணினி என்றால்

மடிக்கணினிக்கும் இதே வழிதான். முதலில் வெளிச்சத்தைக் கூட்டும் விசையை அழுத்துங்கள். பிள்ளைகள் விளையாட்டாக வெளிச்சத்தைக் குறைத்திருப்பார்கள். அடுத்து, அணைத்துவிட்டு சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றுங்கள். பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மட்டும் மாட்டித் தட்டுங்கள். இந்த ஒன்றிலேயே எழுந்த மடிக்கணினிகள் பல.

அதன் பிறகும் இருட்டு என்றால் எச்டிஎம்ஐ கேபிளால் தொலைக்காட்சியில் மாட்டுங்கள். தொலைக்காட்சியில் படம் வந்தால் உள்ளே எல்லாம் நலம். மூடியைத் திறந்து மூடும்போது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் படம் வருகிறது என்றால், கீல் வழியாகச் செல்லும் கேபிள் தேய்ந்திருக்கிறது.

வீட்டில் திறக்கவே கூடாதவை

திரையின் பின்மூடியையும், சிபியுவுக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டியையும் வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம், மின்வழங்கியின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சேமிக்கப்படுகிறது. குழல் விளக்குத் திரைகளில் அந்த விளக்கை எழுப்ப ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். முதுகு பெருத்த பழைய திரைகளில் இது 20,000 வோல்ட்டையும் தாண்டும். எரிந்த நாற்றம், புகை, படபடவென்ற சத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும் சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி தட்டிப் பார்க்க வேண்டாம்.

திரையை மாட்டியவுடன் மீட்டர் பெட்டியில் ஈஎல்சிபி சுவிட்ச் விழுந்தால், அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். அந்தப் பொருளை ஒதுக்கி வையுங்கள். எதையும் மாட்டாமலே விழுந்தால், குறை வீட்டு வயரிங்கில் இருக்கலாம். தகுதி பெற்ற வயர்மேனை அழைக்க வேண்டும்.

இடி உண்மையாகவே அடித்தால்

உலகில் இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களுள் நம் நாடும் ஒன்று. மின்னல் வீட்டின் மேல் நேராக விழ வேண்டியதில்லை. அருகே விழுந்தாலே மின்கம்பி வழியாகவும், கூரை ஏரியல் வழியாகவும், தொலைபேசிக் கம்பி வழியாகவும் மின் அலை உள்ளே பாயும். சுவர் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. சுவிட்சுக்குள் உள்ள இடைவெளி மிகச் சிறியது, அதை மின்னல் தாண்டிவிடும். பிளக்கையே பிடுங்க வேண்டும். அதையும் இடி தலைக்கு மேல் வந்த பிறகு செய்யக் கூடாது, வானம் கறுக்கும்போதே செய்ய வேண்டும். அந்தத் தோட்டத்து அம்மாள் செய்தது சரியான செயல்.

பலர் மறப்பது இணைய மோடத்திலிருந்து கணினிக்கு வரும் கம்பி. ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மோடத்தின் சொந்த பிளக் வழியாக வரும் மின் அலை அந்தக் கம்பி மூலம் கணினிக்குள் போகலாம். அதையும் கழற்றுங்கள்.

எல்லா எக்ஸ்டென்ஷன் பெட்டியும் மின் அலையைத் தடுக்காது. 'சர்ஜ்' பாதுகாப்பு என்று குறிப்பிட்டிருப்பதையும், சிரிம் முத்திரை உள்ளதையும் பார்த்து வாங்குங்கள். வீட்டில் எர்த் கம்பி சரியாக இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பும் முழுப் பயன் தராது.

கோப்புகள் திரையில் இல்லை

மகள் அழுததற்குக் காரணம் திரை அன்று, இடுபணி. ஆகவே இது முக்கியம். திரை உடைந்தாலும் எரிந்தாலும் உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. படங்களும் பாடங்களும் கணக்குகளும் இருப்பது சிபியுவுக்குள் உள்ள வன்தட்டில். கணினியே எழவில்லை என்றாலும், வன்தட்டு நலமாக இருந்தால் அதைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிக் கோப்புகளை எடுக்க முடியும். வன்தட்டு பூட்டப்பட்டிருந்தால் மட்டும் அதற்கான மீட்புக் குறியீடு தேவைப்படும்.

கோப்புகள் அழிவது பெரும்பாலும் பழுதால் அன்று, அவசரத்தால். 'ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்' என்று கடையில் சொன்னால், 'முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுங்கள்' என்று சொல்லுங்கள். திரை இருண்டதற்கு ஃபார்மட் மருந்தாவது அரிது. பரீட்சை எழுதும் பிள்ளைகள் உள்ள வீட்டில், வாரம் ஒருமுறையாவது பென்டிரைவிலோ இணையச் சேமிப்பிலோ ஒரு பிரதி வைத்திருப்பது நல்லது.

கடைக்குப் போவதாக இருந்தால்

திரையை மட்டும் கொண்டு போகாதீர்கள். திரை, சிபியு, கேபிள், மின் வயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டு போங்கள். குறை இவற்றுள் எதில் இருந்தாலும் ஒரே பயணத்தில் தெரிந்துவிடும். திரையின் பின்னால் உள்ள ஒட்டுத்தாளில் தயாரிப்பு மாதமும் வரிசை எண்ணும் இருக்கும். உத்தரவாதக் காலம் இன்னும் இருக்கலாம், வாங்கிய ரசீதைத் தேடிப் பாருங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை நான்கு. பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு? பழுதுபார்க்க மொத்தம் எவ்வளவு? கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? செய்த வேலைக்கு எத்தனை நாள் உத்தரவாதம்? பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். பழுதுபார்க்கும் செலவு புதிய திரையின் விலையில் பாதியைத் தாண்டினால், பழைய திரையில் பணம் போடுவது வீணாகலாம்.

ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் பயனீட்டாளருக்கு வழி உண்டு. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது தேவை.

தூக்கி எறியும் முன்

திரை உண்மையாகவே முடிந்துவிட்டால், அதை வீட்டுக்குப் பின்னால் எரிக்கவோ உடைக்கவோ வேண்டாம். முதுகு பெருத்த பழைய திரைகளின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. குழல் விளக்குத் திரைகளில் பாதரசம் இருக்கிறது. இரண்டும் பிள்ளைகளின் உடலுக்குக் கேடு. சுற்றுச்சூழல் துறை இத்தகைய மின்னியல் கழிவை அட்டவணையிடப்பட்ட கழிவாக வகைப்படுத்தியுள்ளது. மின்கழிவு சேகரிக்கும் இடங்களில் ஒப்படைப்பதே முறை. சிபியுவையும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

அந்தத் தோட்டத்து அப்பா கடையில் ஒரு காசும் கொடுக்கவில்லை. கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். பத்திரமாகத் திரும்பி வந்த திரையை மேசையில் வைத்து, மகளே கேபிளைக் கீழ் ஓட்டைக்கு மாற்றி மாட்டினாள். திரை எரிந்தது. இடுபணி விட்ட இடத்திலேயே இருந்தது. அவள் முதலில் செய்தது அதைப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்ததுதான். பிறகு கீழ் ஓட்டைக்குப் பக்கத்தில் சிறு வெள்ளைத் தாளை ஒட்டி, 'சித்தப்பா, இங்கே' என்று எழுதி வைத்தாள்.